பத்து வயதான காரும் கழற்றப்பட்ட பிளேட்டும்: எங்கள் கவுன்சிலின் லைசென்சிங் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கமிட்டி உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பத்து வயது நிறைந்த மினிகேப் காருக்கு அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்ற உங்கள் விதியைப் பற்றிப் பேச, சென்ற மாதம் உங்கள் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எனக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. சொல்ல வந்ததில் பாதியைக்கூடச் சொல்லி முடிக்கவில்லை, நேரம் முடிந்தது என்றார்கள், உட்கார்ந்துவிட்டேன். அதனால் எனக்கு நன்றாக வருகிற மொழியில் முழுவதையும் எழுதுகிறேன். என் மகள் இதை ஆங்கிலத்தில் ஆக்கி உங்களுக்கு அனுப்புவாள். தமிழிலும் இதை வெளியிடுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் பல ஊர்களில் மினிகேப் ஓடுகிற நம்மவர்கள் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும், தங்கள் கவுன்சிலுக்கும் எழுதட்டும்.

நான் இந்த ஊரில் பதினாறு வருடமாக மினிகேப் ஓடுகிறேன். சட்டத்தின் பாஷையில் சொன்னால் தனியார் வாடகை வாகனச் சாரதி, முன்கூட்டியே பதிவு செய்தவரை மட்டும் ஏற்றுகிறவன். சென்ற செப்டெம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீட்டு வாசலில் குந்தியிருந்து என் காரின் பின் பம்பரில் இருந்த உங்கள் பிளேட்டை, அதாவது கவுன்சிலின் அனுமதித் தகட்டை, கழற்றினேன். நாலு திருகாணி. மூன்று சுலபமாக வந்துவிட்டன. நாலாவது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, அதற்கு எண்ணெய் விட்டுக் கால் மணித்தியாலம் காத்திருந்தேன். ஏழு நாளுக்குள் பிளேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. கழற்றிய இடத்தில் பெயின்ட் புதுசு போல மினுங்கியது, சுற்றிவர மங்கியிருந்தது. அந்த நாலு ஓட்டையும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2015 செப்டெம்பரில் பதிவான டொயோட்டா ஆரிஸ் ஹைபிரிட், எஸ்டேட் மொடல். 2019-இல் நான் வாங்கும்போது அது 38,000 மைல் ஓடியிருந்தது. இப்போது 231,000 மைல். கணக்கில் இது பெரிதாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு 10,000 மைலுக்கும் எண்ணெய் மாற்றி, பில் வாங்கி, ஒரு நீல ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். பிரேக் டிஸ்க் எப்போது மாற்றினேன், பிறகு சொக் அப்சோர்பர் எப்போது, ஹைபிரிட் பற்றரியின் ஃபில்ட்டரை எப்போது துப்புரவு செய்தேன் என்று எதைக் கேட்டாலும் தேதியோடு சொல்லலாம். அந்தக் கார்தான் எனக்குத் தொழில். அது ஒரு நாள் நின்றால் என் வீட்டில் ஒரு நாள் வருமானம் இல்லை. அதை நான் கவனிக்காமல் வேறு யார் கவனிப்பது?

உங்கள் டெஸ்டுக்கு அந்தக் கார் பதினொரு தடவை வந்திருக்கிறது. ஐந்து வயது தாண்டிய காரை வருடத்துக்கு இரண்டு தடவை கொண்டுவர வேண்டும் என்பது உங்கள் விதி, அது நல்ல விதி. ஒரேயொரு தடவை, 2022-இல், பின் சக்கரத்து பேரிங் சத்தம் போடுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்கவேயில்லை. சோதித்தவர் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, சக்கரத்துக்கு மேலுள்ள சுருள்வில்லில் விரலை வைத்து அதிர்வைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அன்று பின்னேரமே மாற்றி, மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த மனிதரில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

கமிட்டியில் எத்தனை பேர் அந்த டெஸ்டை நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. காரை ராம்பில் ஏற்றுவார். கீழே நின்று டோர்ச் அடித்து, ஒரு கம்பியால் ஒவ்வொரு மூட்டையும் நெம்பிப் பார்ப்பார். இறக்கிய பிறகு பிரேக் உருளையில் ஏற்றி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்கிறதா என்று முள்ளைப் பார்ப்பார். டயரின் தவாளிப்பை மூன்று இடத்தில் அளப்பார். ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். அப்புறம் பின் சீட்டில், பயணி உட்காரும் இடத்தில், தானே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து திறந்து பார்ப்பார். நான் கவனித்த மட்டில், அந்தக் கடைசிக் காரியத்தை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

சென்ற மார்ச் மாத டெஸ்டில் என் காருக்கு ஒரு குறிப்புக்கூட எழுதப்படவில்லை. செப்டெம்பரில் புதுப்பிக்கக் கேட்டபோது காரைக் கொண்டுவரச் சொல்லவேயில்லை. இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. பதிவான நாளிலிருந்து பத்து வருடம் நிறைவதால், கொள்கைப்படி புதுப்பிக்க முடியாது. அவ்வளவுதான். பதினொரு தடவை காரைப் பார்த்த கவுன்சில், பன்னிரண்டாவது தடவை காரைப் பார்க்காமல் கலண்டரைப் பார்த்தது. என் மனக்குறை முழுவதும் இந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது.

சட்டத்தை நான் வாசித்தேன். வாசிக்க வேண்டிய நிலை வந்தது, வாசித்தேன். நீங்கள் எனக்கு அனுமதி தருவதும் மறுப்பதும் 1976-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின் கீழ். அதன் 48-ஆம் பிரிவு, ஒரு வாகனத்துக்குத் தனியார் வாடகை அனுமதி கொடுக்குமுன் கவுன்சில் எதையெதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டும் என்று சொல்கிறது. வகையும் அளவும் அமைப்பும் பொருத்தமாக இருக்க வேண்டும். பார்ப்பவர் அதைத் தெருவில் கை காட்டி ஏறும் டாக்ஸி என்று எண்ணிவிடக் கூடாது. இயந்திர நிலை சரியாக இருக்க வேண்டும். பாதுகாப்பாக இருக்க வேண்டும். வசதியாக இருக்க வேண்டும். இவற்றோடு காப்புறுதியும் இருக்க வேண்டும். வயது என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. பாராளுமன்றம் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் காரைத் தொட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். அதற்காகவே 50-ஆம் பிரிவில், ஒரு வருடத்தில் மூன்று தடவை வரை காரைச் சோதனைக்கு அழைக்கும் அதிகாரத்தையும் உங்களுக்குத் தந்திருக்கிறது.

கவுன்சிலுக்குக் கொள்கை வகுக்கும் உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு. வயது வரம்பும் ஒரு கொள்கையாக இருக்கலாம். ஆனால் கொள்கை என்றால் அதற்கு வெளியே ஒரு காதும் இருக்க வேண்டும். 1970-இல் பிரிட்டிஷ் ஒக்ஸிஜன் வழக்கில், அப்போது நாட்டின் உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத்தான் சொன்னது. ஒரு பொது அமைப்பு தனக்கென்று விதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதிதாக ஏதாவது சொல்ல வருகிறவருக்குக் காதை மூடிக்கொள்ளக் கூடாது. என் நீல ஃபைலை ஸ்கேன் செய்து அனுப்பினேன். அதைத் திறந்து பார்த்ததற்கான ஓர் அடையாளமும் பதிலில் இல்லை. அதே இரண்டு வரி மறுபடி வந்தது. 21 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம் என்று கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. சட்டத்தரணியிடம் போய்க் கதைத்துப் பார்த்தேன். தோற்றால் உங்கள் செலவையும் நான் கட்ட வேண்டி வரலாம் என்றார். வேலை இல்லாமல் நிற்கிறவன் அந்தத் துணிச்சலுக்கு எங்கே போவான்?

போக்குவரத்துத் திணைக்களம் கவுன்சில்களுக்கு எழுதிய வழிகாட்டியையும் படித்தேன். 2010-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, பழைய வாகனமும் நல்ல நிலையில் இருக்கலாம், இத்தனை வயதுக்கு மேல் அனுமதியில்லை என்று கோடு கீறுவது எழுந்தமானமானதாகவும் பொருத்தமற்றதாகவும் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். பழைய வாகனங்களை அடிக்கடி சோதியுங்கள், உதாரணமாக ஐந்து வயதுக்கு மேற்பட்டதை வருடத்தில் இரண்டு தடவை, என்றும் சொன்னார்கள். 2023 நவம்பரில் வந்த புதிய பதிப்பு இன்னும் நேராகச் சொல்கிறது: வயது வரம்பு விதிக்கக் கூடாது, அதற்குப் பதிலாகப் புகை, பாதுகாப்பு, சக்கர நாற்காலி வசதி போன்ற உங்கள் உண்மையான நோக்கத்துக்கு நேரடியான நிபந்தனைகளை யோசியுங்கள். வழிகாட்டி என்பது சட்டமல்ல, அது எனக்கும் தெரியும். ஆனால் அதிலிருந்து விலகும் கவுன்சில் ஏன் விலகுகிறேன் என்று ஒரு பக்கமாவது எழுத வேண்டாமா? உங்கள் கொள்கை ஆவணத்தை முன்னும் பின்னும் தேடினேன். பத்து வருடம் என்று இருக்கிறது. ஏன் ஒன்பது இல்லை, ஏன் பன்னிரண்டு இல்லை என்பதற்கு ஒரு வரி இல்லை.

அன்று கூட்டத்தில் உங்களில் ஒருவர், லண்டனிலும் பத்து வருடம்தானே என்று கேட்டார். சரி, லண்டனில் மினிகேப்களுக்கு 2012-இலிருந்து அந்த வரம்பு இருக்கிறது. ஆனால் லண்டன் தனக்கென்று வேறு சட்டத்தின் கீழ் நடக்கிற இடம். அங்கே ஒரு நாளில் கிடைக்கிற வேலை வேறு, கட்டணம் வேறு. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அதிகப் புகை விடும் வாகனங்களிடம் கட்டணம் வாங்கும் புகைக் கட்டண வலயத்தில் லண்டன் பெற்றோல் காரிடம் கேட்பது யூரோ 4 என்ற புகைத் தரம், டீசலிடம் யூரோ 6; எண் கூடக் கூட விதி இறுக்கம். 2023 ஓகஸ்ட் 29-இலிருந்து அந்த வலயம் நகரத்தின் எல்லாப் பகுதிக்கும் விரிந்துவிட்டது. என் கார் யூரோ 6 பெற்றோல் ஹைபிரிட். அந்த வலயத்தின் 12.50 பவுண் நாள் கட்டணத்தில் ஒரு சதமும் கட்டாமல் லண்டன் முழுவதும் ஓடலாம். லண்டனின் காற்று விதியில் தேறுகிற கார், எங்கள் ஊரில் ஒரு வயோதிபரை டொக்டரிடம் கொண்டுபோய் விடத் தகுதியில்லாமல் போய்விட்டது.

காற்றைப் பற்றிப் பேசும்போது எங்களை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தாதீர்கள். இந்த ஊரின் புகையை எங்களைவிட அதிகமாகச் சுவாசிக்கிறவர்கள் யார்? பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் பஸ்ஸுக்குப் பின்னாலும் லொறிக்குப் பின்னாலும் நிற்கிறவர்கள் நாங்கள். என் இரண்டாவது பிள்ளைக்கு ஆஸ்துமா. குளிர்காலத்தில் இரவில் எழும்பி உட்கார்ந்து இழுக்கும்போது பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொடுக்கிற தகப்பன் நான். புகை குறைய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் புகையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் புகைக்கு விதி போடுங்கள். உங்கள் இன்றைய விதிப்படி, ஒன்பது வயது டீசல் காருக்குப் பிளேட் உண்டு, பத்து வயது ஹைபிரிட்டுக்கு இல்லை.

பாதுகாப்புக்கும் இதே கதைதான். நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்களோடு ஓடுகிற ஒரு கார், வயது மூன்று. இரண்டு பேர் மாறி மாறி, பகலும் இரவுமாக ஓடுகிறார்கள். வருடத்துக்கு 60,000 மைலுக்குக் குறையாமல் ஓடும். புதிய கார் என்பதால் வருடத்துக்கு ஒரு டெஸ்ட்தான். ஒருநாள் ஸ்டேஷனில் அதன் பின் டயரைப் பார்த்தேன், உள்பக்க விளிம்பில் றப்பர் தேய்ந்து கம்பி தெரிந்தது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளிறிப்போய் அப்போதே கராஜுக்குப் போனான். கெட்டவன் அல்ல, கவனிக்க நேரமில்லாதவன். உங்கள் வயது விதிக்கு அந்தக் கார் ஒரு பிரச்சினையே இல்லை. இன்னும் ஏழு வருடம் ஓடலாம். டெஸ்டுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். அவர்களைப் பிடிக்க வேண்டும் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் ரோட்டில் வந்து நிறுத்திப் பாருங்கள். நல்ல சாரதி ஒருவரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் ஓடியவர். பழைய ஒஸ்ரின் ஏ40. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில், ஸ்ராட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார். பிள்ளைப்பேற்றுக்கு எத்தனையோ பேரை அதில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதை உதாரணமாகக் காட்டி, பழசெல்லாம் பொன் என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் காரில் சீட் பெல்ட் இல்லை, அதன் புகையில் கண் எரியும். அது வேறு வழியில்லாத காலம். என் பயணிகளை அப்படி ஒரு வாகனத்தில் ஏற்ற நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் தகப்பனாரிடம் நான் படித்த ஒரு பழக்கம் உண்டு. காலையில் சாவி போடுமுன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து கீழே பார்ப்பது. பதினாறு வருடமும் அதைச் செய்தேன்.

இனிக் காசு. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் அறிய வேண்டும். புதிதாகப் பிளேட் எடுக்கும் கார் ஐந்து வயதுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உங்கள் இன்னொரு விதி. அப்படி ஒரு ஹைபிரிட் எஸ்டேட் பார்த்தேன். கையில் இருந்ததைக் கொடுத்தது போக 15,000 பவுண் கடன் எடுக்க வேண்டும். டாக்ஸிக்காரருக்கு வட்டி அதிகம். மாதம் 417 பவுண், 48 மாதம். கூட்டிப் பாருங்கள், 20,016 பவுண். அந்தக் கடன் முடிந்து ஓரிரு வருடத்தில் அந்தக் காருக்கும் பத்து வயது வந்துவிடும். வேறு வழி பார்க்கும்வரை இப்போது கிழமைக்கு 210 பவுணுக்குப் பிளேட் போட்ட காரை வாடகைக்கு எடுத்து ஓடுகிறேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அந்த வாடகைக்கே போகிறது. அதை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். களைத்த சாரதி பழைய காரைவிட ஆபத்து என்று நான் நினைக்கிறேன்.

மின்கார் எடுக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். எடுக்க எனக்கும் ஆசைதான். 2025 ஜூலையில் அரசு தொடங்கிய மின்கார் மானியம் அதிகம் போனால் 3,750 பவுண், அதுவும் புத்தம்புதுக் காருக்கு. என் போன்றவர்கள் வாங்குவது பழைய கார். வீட்டில் சார்ஜ் செய்கிறவருக்கு மின்சாரத்தில் வற் வரி 5 வீதம், ரோட்டோரச் சார்ஜரில் 20 வீதம். எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, வாசலில் கார் விட இடம் இல்லை, வீடும் வாடகை வீடு. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பெரும்பாலானவர்களின் தெருக்களும் அப்படித்தான். வசதியாக முற்றம் உள்ளவருக்கு மலிவு, இல்லாதவருக்கு விலை. இதை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இல்லை, ஆனால் எங்கள் தெருவில் விளக்குக் கம்பத்துச் சார்ஜர் போடுவது உங்கள் கையில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு எங்களிடம் மின்கார் கேளுங்கள், சந்தோஷமாகக் கேளுங்கள்.

இதில் என்னைவிட அதிகம் இழந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் என் காசுக் கணக்காகவே போய்விடும். என் நண்பர் ஒருவர் சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வான் வைத்திருந்தார். பின்னால் ராம்ப் இறங்கும், தரையில் நாலு கொக்கி, நாற்காலியைப் பட்டியால் கட்டி வைக்க. அப்படியான வான் சாதாரணக் காரைவிட எவ்வளவோ விலை. எடுத்தால் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் ஓடினால்தான் போட்ட காசு திரும்பும். அந்த வானுக்குப் பத்து வயதில் நீங்கள் கதவடைத்தபோது, அவர் வயதும் அறுபதைத் தாண்டியிருந்தது. இனிக் கடன் வேண்டாம் என்று பேட்ஜையும், அதாவது சாரதி அனுமதி அடையாளத்தையும், கொடுத்துவிட்டுப் போனார். அவரிடம் கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸுக்குப் போகும் ஒரு அம்மா இருந்தார். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறே முக்கால். டயலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்குக் குளிரும் என்று வானில் எப்போதும் ஒரு கம்பளி வைத்திருப்பார் நண்பர். இப்போது அந்த அம்மா நோயாளர் வாகனத்துக்காகக் காத்திருக்கிறார். முடிந்த பிறகு இரண்டு மணித்தியாலம்கூட நாற்காலியிலேயே இருந்த நாட்கள் உண்டு என்று அவருடைய மகள் சொன்னார். ஊரில் சக்கர நாற்காலி ஏறும் வாகனம் போதாது என்று உங்கள் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறீர்கள். இருந்ததில் ஒன்றை இந்த விதிதான் வெளியே தள்ளியது.

நீங்கள் கதவைச் சாத்தினால் அந்தக் கார்கள் ரோட்டை விட்டுப் போய்விடுகின்றனவா என்று பார்த்தீர்களா? என்னோடு ஸ்டேஷன் பக்கம் நின்ற மூன்று பேர், வயது விதியால் மறுக்கப்பட்டு, தூரத்தில் உள்ள வேறு கவுன்சிலில் பேட்ஜும் பிளேட்டும் எடுத்துக்கொண்டார்கள். சாரதி, வாகனம், பயணப் பதிவுகளை எடுத்துச் சாரதிக்குக் கொடுக்கும் ஆபரேட்டர் நிறுவனம், மூன்றின் அனுமதியும் ஒரே கவுன்சிலுடையதாக இருந்தால் போதும், ஜாப் எந்த ஊரிலும் செய்யலாம். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஆபரேட்டர்கள் ஒரு ஊர் ஜாப்பை இன்னொரு ஊர் ஆபரேட்டருக்குக் கைமாற்றவும் முடியும். ஆக, அதே கார், அதே சாரதி, அதே ஸ்டேஷன், அதே பயணிகள். மாறியது பிளேட்டின் நிறம் மட்டும். முன்பு வருடத்தில் இரண்டு தடவை உங்கள் ராம்பில் ஏறிய கார் இப்போது உங்கள் கண்ணில் படுவதே இல்லை. அதில் பிழை கண்டாலும் அந்த அனுமதியை இடைநிறுத்தும் அதிகாரம் அதைக் கொடுத்த கவுன்சிலுக்குத்தான். அவர்கள் கட்டிய உரிமக் கட்டணமும் அங்கே போய்விட்டது. நானும் போகலாம். போகவில்லை. என் பிள்ளைகள் படிக்கும் ஊர் இது, நான் வரி கட்டும் கவுன்சில் இது. என் காரில் உங்கள் பிளேட்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

அடுத்த மாதம் கொள்கையை மீளாய்வு செய்கிறீர்கள். வயது வரம்பை எடுத்துவிட்டு, ஐந்து வயதுக்கு மேற்பட்ட காருக்கு இரண்டு டெஸ்ட், பத்துக்கு மேல் போனால் மூன்று என்று வையுங்கள். சட்டம் அதற்கு மேல் விடாது, மூன்று போதும். அந்தச் செலவைக் காரின் சொந்தக்காரரே கட்டட்டும், நான் மனதோடு கட்டுவேன். வருடத்துக்கு மூன்று டெஸ்ட் காசு, ஒரு மாதக் கடன் தவணையைவிடக் குறைவு. வயதோடு மைலையும் பாருங்கள், அந்த மூன்று வயதுக் காரையும் இரண்டு தடவை கூப்பிடுங்கள். புகைக்கு யூரோ தரத்தில் ஒரு கோடு கீறி, அதை மேலே தூக்கும்போது நாலைந்து வருடம் முன்கூட்டியே சொல்லுங்கள், நாங்கள் அடுத்த காரை அதற்கேற்ப வாங்குவோம். சக்கர நாற்காலி வாகனங்களை வயதுக் கணக்கிலிருந்து இந்த மாதமே விடுவியுங்கள், அதற்கு மீளாய்வு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரம்பு வேண்டும் என்றே நீங்கள் முடிவு செய்தாலும், விதிவிலக்கு கேட்கிறவர் எதைக் காட்ட வேண்டும், யார் பார்ப்பார், எத்தனை நாளில் பதில் என்று எழுத்தில் வையுங்கள். மறுப்பதென்றால் காரைப் பார்த்துவிட்டு மறுங்கள்.

என் கார் இப்போதும் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. சென்ற மாதம் சாதாரண எம்.ஓ.டி-க்கு, அதாவது எல்லாக் கார்களுக்கும் உள்ள வருடாந்தச் சோதனைக்கு, கொண்டுபோனேன், ஒரு குறிப்பும் இல்லாமல் பாஸ். காலையில் என் மனைவி பிள்ளைகளை அதில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறாள். நான் வாடகைக் காரில் வேலைக்குப் போகிறேன். மீளாய்வுக்கு முன் ஏதாவது ஒரு நாள், உங்களுக்கு வசதியான நேரம் சொல்லுங்கள், காரை டிப்போவுக்குக் கொண்டுவருகிறேன். சோதிக்கிறவர் ராம்பில் ஏற்றிப் பார்க்கும்போது நீங்களும் கீழே நின்று பாருங்கள். அதற்கான கட்டணத்தை நான் கட்டுகிறேன். நீல ஃபைலையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
இந்த ஊரில் பதினாறு வருடமாக ஓடும் ஒரு மினிகேப் சாரதி